விட்டிலின் மேல் வீண் பழி

மருமகள் புக்ககம் போய் வந்தால் மாமியாரைப் பற்றித்தான் எழுதுவாள் என்று எதிர்பார்க்கும் சகோதரிகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வாரத்துக் கதாநாயகன் ஒரு மின்சார விளக்கு. மாமியார் வருகிறார், ஆனால் நல்ல பாத்திரமாகத்தான் வருகிறார்.

என் கணவருக்குக் கம்பம் சொந்த ஊர். வீட்டுக்குப் பின்னால் கொல்லை. கொல்லையைத் தாண்டினால் வாய்க்கால். வாய்க்காலுக்கு அப்பால் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் இருபோக நெல் வயல். அதற்கும் அப்பால் மலை. அந்த வீட்டில் மாமனாரும் மாமியாரும் மட்டும் இருக்கிறார்கள். ஆடி மாதம் ஊருக்குப் போன என் கணவர், ‘வயசான காலத்தில் இருட்டில் தடுக்கி விழக் கூடாது’ என்று சொல்லி, கொல்லைப்புறத்து மாடிச் சுவரில் பெரிய எல்.இ.டி. விளக்கு ஒன்றை மாட்டிவிட்டு வந்தார். சாதாரண விளக்கா அது? சுவிட்சைப் போட்டால் கொல்லை, வாய்க்கால், வயல் எல்லாம் பகலாகிவிடும். சென்னைக்குத் திரும்பிய பிறகு ஒரு மாதம் வரை அந்த விளக்கின் பெருமையைத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

தீபாவளிக்கு அவருக்கு விடுமுறை கிடைக்கவில்லை. நானும் எட்டு வயதுப் பையனும் பஸ் ஏறினோம். போய்ச் சேர்ந்த அன்று மாலை நல்ல மழை. ஏழு மணிக்கு மழை விட்டது. கணவர் இவ்வளவு பெருமைப்பட்ட விளக்காயிற்றே, அதன் அழகைப் பார்ப்போம் என்று நான்தான் சுவிட்சைப் போட்டேன்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஈசல் என்றால் ஈசல், அப்படி ஓர் ஈசல்! அதோடு பச்சை நிறத்தில் எள்ளளவுப் பூச்சிகள், பழுப்பு விட்டில்கள், கறுப்பு வண்டுகள். விளக்கைச் சுற்றி ஒரு சூறாவளி. அங்கே இடம் போதாதவை சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வந்தன. ரசத்தில் இரண்டு, சாதத்தில் நான்கு, பையனின் சட்டைக் காலருக்குள் ஒன்று. அவன் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

மாமியார் ஒன்றும் பேசாமல் போய் விளக்கை அணைத்தார். அகல் விளக்கு ஒன்றை ஏற்றித் திண்ணையில் வைத்தார்; அதன் அடியில் தாம்பாளம் நிறையத் தண்ணீர் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் பூச்சிகளெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. பிறகு என் அருகில் வந்து உட்கார்ந்து தணிந்த குரலில் சொன்னார்:

“வந்த அன்னைக்கே எதுக்குச் சொல்லணும்னு இருந்தேன் தாயி. புள்ளை ஆசையா வாங்கி மாட்டிட்டுப் போயிருக்கான். அதைப் போட்டா நாங்க சோறு திங்க முடியலை. போடலைன்னா, ‘விளக்கு எரியுதாம்மா’ன்னு போன்ல கேக்கிறான். நான் என்னத்தைச் சொல்ல?”

இத்தனை நாளாக இரண்டு பேரும் ஆறு மணிக்கே சாப்பிட்டு முடித்துவிட்டு, ஜன்னலை அடைத்து, விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வெளிச்சத்துக்காக வாங்கிய விளக்கு வீட்டையே இருட்டாக்கிவிட்டது!

* * *

மறுநாள் காலையில் மாமியார் கொல்லையைக் கூட்டினார். விளக்குக்குக் கீழே ஒரு முறம் நிறையச் செத்த பூச்சிகள். பையன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். முகம் வாடிவிட்டது.

“அம்மா, நேத்து நாம லைட் போட்டதாலதானே இதெல்லாம் செத்துப்போச்சு?”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவன் பாட்டியிடம் திரும்பினான். “ஏன் அப்பத்தா, சாகப் போறோம்னு அதுக்குத் தெரியாதா? தெரிஞ்சும் ஏன் வந்து விழுது?”

“ஆசைதான்யா” என்றார் மாமியார். “வெளிச்சத்து மேல ஆசை. ஆசைப்பட்டுப் போய் விழுந்தா அழிவுதான்.” பிறகு என்னைப் பார்த்து, “நம்ம சொந்தத்துல ஒருத்தி போனாளே, அவ கதையும் அதுதானே! விட்டில் மாதிரி போய் விழுந்தா” என்று முணுமுணுத்தார்.

உறவில் ஒரு பெண். தானாகவே ஒருவனைத் தேர்ந்து கல்யாணம் செய்துகொண்டாள். ஒரே வருஷத்தில் அவன் கைவிட்டுப் போய்விட்டான். தேனியில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு தனியாக இருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் அவள் பேரை யாரும் சொல்வதில்லை. ‘விட்டில்’ என்றால் அவள்தான்.

மாமனார் வேறொரு காரணம் சொன்னார். “அதெல்லாம் இல்லை. மழையில நனைஞ்ச பூச்சி குளிருக்குச் சூடு தேடி வருது.” அடுத்த வீட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். அவர் மதிலுக்கு மேலிருந்து மூன்றாவது காரணம் சொன்னார். “பூச்சிகள் நிலாவை அடையாளம் வைத்துக்கொண்டுதான் நேராகப் பறக்கும். விளக்கை நிலா என்று நினைத்துக்கொள்வதால், வட்டமடித்து வட்டமடித்து அதிலேயே வந்து விழுகின்றன. நான் படித்த புத்தகத்தில் போட்டிருந்தது.”

பையன் மூன்று பேரையும் பார்த்தான். “ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்களே! யாராவது பக்கத்துல போய்ப் பார்த்தாங்களா?”

பத்திரிகைக்காரியின் பிள்ளை அல்லவா! ஊரிலிருந்து திரும்புவதற்குள் அவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று நானும் தேட ஆரம்பித்தேன்.

* * *

பார்த்தார்கள். ஆனால் பார்ப்பது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. விளக்கைச் சுற்றும் விட்டில் ஒரு வினாடிக்குள் புரண்டு, திரும்பி, எழுந்து, விழுந்துவிடுகிறது. நம் கண்ணுக்கு அது ஒரு கோடு மாதிரிதான் தெரியும். ஆகவே படம் பிடித்து, ஓட்டத்தை மெதுவாக்கிப் பார்க்க வேண்டும். படம் பிடிக்க வேண்டுமானால் வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் போட்டாலோ பூச்சியின் நடத்தையே மாறிவிடுகிறது! திருடனைப் பிடிக்கப் போகிறவன் மேளம் கொட்டிக்கொண்டு போன கதைதான்.

பூச்சி பறப்பதைப் படம் பிடிக்கும் ஆசை நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட ஆசை. பாரிஸில் மாரே என்ற விஞ்ஞானியிடம் உதவியாளராக இருந்த லூசியன் புல் என்பவர் 1904-இல் அதற்கு ஒரு வழி கண்டார். தொடர்ந்து எரியும் விளக்குக்குப் பதிலாக, பளிச் பளிச்சென்று வெடிக்கும் மின்சாரப் பொறிகளை வெளிச்சமாக வைத்தார். ஒரு பொறிக்கு ஒரு படம் என்று வினாடிக்கு 1,000-க்கும் மேற்பட்ட படங்கள். ஈயும் தும்பியும் சிறகடிப்பதை உலகம் முதல் முதலாக நிதானமாகப் பார்த்தது. சிறகின் அசைவு அதில் தெரிந்தது. ஆனால் பொறி மழையில் பறந்த அந்த ஈயின் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும் என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்கும் பதில் வந்தது. பழைய சோக் வைத்த குழல் விளக்கு இருக்கிறதே, அது நமக்கு நிதானமாக எரிவதாகத்தான் தோன்றும். உண்மையில் அது வினாடிக்கு 100 தடவை மினுக்குகிறது. ஐம்பது, அறுபதுக்கு மேல் மினுக்கினால் நம் கண்ணால் பிரித்தறிய முடியாது. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே வெளிச்சமாகிவிடும். தேனீயின் கண்ணோ 200 மினுக்கல் வரைகூடத் தனித்தனியாகப் பார்க்கிறது. ஆக, நாம் சாந்தமாக உட்கார்ந்து காய் நறுக்கும் அதே விளக்கடியில், உள்ளே நுழைந்துவிட்ட தேனீ திருவிழாச் சீரியல் பல்புக்கு நடுவே மாட்டிக்கொண்டதுபோல் தவிக்கிறது. பரிசோதனைக்கூடத்தில் இத்தகைய விளக்கைப் போட்டுப் பூச்சியைப் படம் பிடித்தால், பயந்த பூச்சியைத்தான் படம் பிடித்ததாகும்.

சூடும் ஒரு கஷ்டம். வேகமாகப் படம் பிடிக்க நிறைய வெளிச்சம் வேண்டும். பழைய காலத்து விளக்குகளில் நிறைய வெளிச்சம் என்றால் நிறையச் சூடு. கடுகளவு உடம்புள்ள ஜீவன் அந்தச் சூட்டில் உலர்ந்தே போய்விடும்.

இதற்கெல்லாம் பரிகாரம் பூச்சியின் கண்ணிலேயே இருந்தது. கார்ல் வான் ஃபிரிஷ் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி தேனீக்களுக்கு வண்ண அட்டைகளைக் காட்டிப் பழக்கினார். நீலத்தையும் மஞ்சளையும் அவை கண்டுகொண்டன. சிவப்பு அட்டைக்கும் கரிய அட்டைக்கும் மட்டும் அவற்றுக்கு வித்தியாசம் தெரியவில்லை. 1914-இல் இதை எழுதினார். தேனீக்களைப் பற்றிய ஆராய்ச்சிகளுக்காக 1973-இல் நோபல் பரிசும் பெற்றார். நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் பூச்சிக்குத் தெரியும். நமக்குப் பளிச்சென்று தெரியும் சிவப்பு அநேகப் பூச்சிகளுக்கு இருட்டு. சிவப்புக்கும் அப்பாற்பட்ட அகச்சிவப்பு இருக்கிறதே, அது நமக்கும் இருட்டு, பூச்சிக்கும் இருட்டு. காமிராவுக்கு மட்டும் வெளிச்சம்!

நம்ப முடியவில்லையா? டெலிவிஷன் ரிமோட்டின் மூக்கைச் செல்போன் காமிராவின் முன்னால் நீட்டி, பொத்தானை அழுத்திப் பாருங்கள். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அநேகமான செல்போன்களின் திரையில் ஊதா நிறத்தில் ஒரு பொட்டு மின்னும். அதுதான் அகச்சிவப்பு. அந்த வெளிச்சத்தை அறை முழுவதும் பரப்பிவிட்டால், பூச்சி இருட்டில் இருப்பதாக நினைத்துத் தன்னிஷ்டப்படி பறக்கும். காமிரா ஒன்றுவிடாமல் பார்க்கும். பிறகு நடுவே ஒரே ஒரு சாதாரண விளக்கை ஏற்றினால், அந்த விளக்கு பூச்சியை என்ன செய்கிறது என்பது கையும் களவுமாகப் பிடிபட்டுவிடும்.

* * *

லண்டன் இம்பீரியல் கல்லூரிப் பரிசோதனைக்கூடத்தில் இப்படித்தான் செய்தார்கள். ஹுவாய்-டி லின், சாமுவேல் ஃபேபியன் ஆகியோரோடு யஷ் சோந்தி என்ற இந்தியரும் அந்த ஆராய்ச்சியில் முக்கியப் பங்கு கொண்டவர். விட்டில்களின் மீதும் தும்பிகளின் மீதும் மிகமிகச் சிறிய அடையாளச் சின்னங்களை ஒட்டி, அகச்சிவப்புக் காமிராக்களுக்கு நடுவே பறக்க விட்டார்கள். பூச்சி எங்கே பறக்கிறது என்பது மட்டுமல்ல, எந்தப் பக்கம் சாய்ந்து பறக்கிறது என்பதும் துல்லியமாகத் தெரிந்தது. கூடத்தில் கண்டது காட்டிலும் நடக்கிறதா என்று பார்க்க, கோஸ்டா ரிகா நாட்டின் மாண்டிவெர்டே மலைக்காட்டுக்கும் காமிராவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். முடிவுகளை 2024 ஜனவரியில் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் வெளியிட்டார்கள்.

படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் மூவர் சொன்ன மூன்று காரணமும் அடிபட்டுப் போகிறது. விட்டில் விளக்கை நோக்கிப் பாயவே இல்லை! விளக்குக்குக் குறுக்காகத்தான் பறக்கிறது. அதைவிட ஆச்சரியம், எந்தப் பக்கம் போனாலும் அது தன் முதுகை விளக்கின் பக்கமாகத் திருப்பிக்கொண்டே பறக்கிறது. காதலியைக் காணப் போகிறவன் முகத்தையல்லவா காட்டுவான்? இது முதுகைக் காட்டுகிறது.

இதன் காரணத்தைச் சொல்வதற்கு முன் உங்களை ஒரு பஸ் பிரயாணத்துக்கு அழைத்துப் போக வேண்டும். கம்பத்திலிருந்து குமுளிக்குப் போகும் பஸ் லோயர் கேம்ப்பைத் தாண்டியதும் மலை ஏற ஆரம்பிக்கும். கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போது கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். உடம்பு ஒரு பக்கம் தள்ளும். எது நேர், எது சாய்வு என்றே தெரியாது. என் பையனுக்கு எலுமிச்சம்பழம் இல்லாமல் அந்த வழி ஆகாது. ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தால்தான் தலை நிற்கும்.

பூச்சியின் வாழ்க்கை முழுவதும் கொண்டை ஊசி வளைவுதான். கண்மூடித் திறப்பதற்குள் பத்துத் திருப்பம் திரும்பும் ஜீவனுக்குப் பூமியின் இழுப்பை மட்டும் நம்பி மேல் எது, கீழ் எது என்று அறிவது கஷ்டம். அதனால் அது ஒரு சுலபமான சூத்திரத்தை வைத்திருக்கிறது: எந்தப் பக்கம் வெளிச்சமோ, அந்தப் பக்கம் வானம். முதுகை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டால் நேராக இருக்கிறோம் என்று அர்த்தம். பூச்சிகள் 30 கோடி வருஷங்களுக்கும் மேலாகப் பறக்கின்றன. அவ்வளவு காலமும் இந்தச் சூத்திரம் பொய்த்ததில்லை. அமாவாசை இரவிலும் தரையைவிட வானம் கொஞ்சம் வெளிச்சமாகத்தானே இருக்கிறது!

நாம் மின்சார விளக்கு ஏற்ற ஆரம்பித்து நூற்றைம்பது வருஷம்கூட ஆகவில்லை. வானம் என்று நினைத்து அதற்கு முதுகைத் திருப்பிய பூச்சிக்குப் பறக்கும் பாதையே கோணலாகிவிடுகிறது. படத்தில் மூன்று விதமான கூத்து தெரிந்தது. விளக்குக்குப் பக்கவாட்டில் வந்த பூச்சி முதுகைச் சாய்த்துச் சாய்த்து வட்டமடிக்கிறது. விளக்குக்குக் கீழே வந்த பூச்சி செங்குத்தாக ஏறி, வேகம் குறைந்து தடுமாறுகிறது. விளக்குக்கு மேலே வந்த பூச்சியின் பாடுதான் பரிதாபம். வெளிச்சம் கீழே இருப்பதால் முதுகைக் கீழே திருப்பி, மல்லாந்து, தலைகுப்புற விழுகிறது.

இன்னொரு பரிசோதனையும் செய்தார்கள். ஒரு வெள்ளைத் துணியைப் பந்தல் போல மேலே விரித்து, வெளிச்சத்தை அதன்மேல் படவிட்டார்கள். துணி முழுவதும் மங்கலாக, சாயங்கால வானம் போல் ஒளிர்ந்தது. அதன் அடியில் வந்த பூச்சிகள் எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் நேரே பறந்து போய்விட்டன! அதே துணியைத் தரையில் விரித்து ஒளிரச் செய்தபோது, மேலே பறந்தவை புரண்டு விழுந்தன. வெளிச்சத்தின் மேல் ஆசை என்றால் இரண்டு துணியிலும் வந்து மொய்த்திருக்க வேண்டாமா? விளக்குக்கு அருகில் வந்த பூச்சி ஏன் தப்ப முடியவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இந்த மாயத்துக்கு அகப்படாத ஜீவன்களும் அந்த ஆராய்ச்சியில் தென்பட்டன. வாழைப்பழத்தை மொய்க்குமே, அந்தச் சின்ன ஈ ஒன்று. மற்றொன்று நமக்கெல்லாம் பழக்கமானது. அரளிச் செடியிலோ நந்தியாவட்டையிலோ விரல் பருமனுக்குப் பச்சைப் புழு ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். வாலில் சின்னக் கொம்பு. தலைக்குப் பின்னால் கண் எழுதியது போல் நீலமும் வெள்ளையுமாக இரண்டு பொட்டு. பூஜைக்குப் பூப் பறிக்கப் போய் அதைத் தொட்டுவிட்டு அலறாதவர்கள் நம்மில் உண்டா? அந்தப் புழு வளர்ந்து, பச்சையும் இளஞ்சிவப்புமாகப் பட்டுப் புடவை நிறத்தில் ஒரு பெரிய விட்டில் ஆகிறது. இருட்டும் வேளையில் பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும். அது விளக்குக்கு மேலே பறந்தும் புரளவில்லை. பெங்களூரில் தேசிய உயிரியல் விஞ்ஞான மையத்தில் சஞ்சய் சானே என்பவருடைய ஆராய்ச்சிக் குழுவினர் இந்த அரளி விட்டிலை வளர்த்து, அதிவேகக் காமிராவில் படம் பிடித்து, அது பறக்கும் வித்தையை ஆராய்ந்திருக்கிறார்கள். அடுத்த தடவை அரளிப் புழுவைக் கண்டால் துடைப்பத்தை எடுக்குமுன் கொஞ்சம் யோசியுங்கள்.

* * *

இவ்வளவையும் நான் சொல்லி முடித்தபோது மாமனார் நெடுநேரம் பேசவில்லை. அவருக்கு அவருடைய கவலை. இரண்டாம் போகத்துக்கு நாற்றங்கால் போட்டிருந்தார். நெல் வயலில் விளக்குப் பொறி வைப்பது அந்தப் பக்கத்தில் பழக்கமான காரியம். ஒரு விளக்கைத் தொங்கவிட்டு, அதன் கீழே மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர்த் தொட்டியை வைப்பார்கள். குருத்தைத் துளைக்கும் மஞ்சள் அந்துப்பூச்சியும், துங்ரோ என்ற நோயைப் பயிருக்குப் பயிர் பரப்பும் பச்சைத் தத்துப்பூச்சியும் அதில் விழும். தீபாவளிச் சமயத்தில் நம் வீட்டு விளக்கை மொய்க்கும் எள்ளளவுப் பச்சைப் பூச்சியும் அந்த ஜாதிதான்.

“அப்படின்னா, என் பொறியில விழுறதெல்லாம் தடுமாறி விழுறதா? நல்ல பூச்சி, கெட்ட பூச்சின்னு பார்த்து விழலையே?” என்று கேட்டார்.

“இல்லை மாமா. பொறிவண்டும் விழும், தரைவண்டும் விழும். பயிருக்குக் காவல் இருக்கிறவையும் அந்தக் கூட்டத்தில் உண்டு.”

“அதான் வேளாண்மை ஆபீசர் ராத்திரி பூரா எரிக்காதே, ஆறு மணியிலருந்து பத்து மணி வரைக்கும் போதும்னு சொன்னாரு” என்றார். சற்று யோசித்து, “நாம வேற வயலுக்குப் பக்கத்துல மாடியில இவ்வளவு பெரிய விளக்கைப் போட்டு, ஊருல இருக்கிற பூச்சியையெல்லாம் நாற்றங்காலுக்குக் கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கோம்” என்று எழுந்தார்.

அன்றைக்கே வேலை ஆரம்பமாயிற்று. விளக்கின் முகத்தை வயல் பக்கத்திலிருந்து திருப்பி, நேராகத் தரையைப் பார்க்கும்படி வைத்தார். பழைய எண்ணெய் டின் ஒன்றை வெட்டி, காற்றுப் போகச் சந்து விட்டு, மேலும் பக்கவாட்டிலும் வெளிச்சம் சிதறாதபடி தொப்பி மாட்டினார். சமையலறை வாசலில் வெள்ளைப் பல்பைக் கழற்றிவிட்டு மஞ்சள் பல்பு ஒன்றைப் போட்டோம். நீலம் குறைந்த வெளிச்சத்துக்குப் பூச்சி குறைவாகவே வரும். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தோம். பெரிய விளக்கைக் கொல்லைக்குப் போகும்போது மட்டும் போட்டு, வந்ததும் அணைப்பது என்று தீர்மானம்.

இரவு பூச்சி வராமல் இல்லை. வந்தது. ஆனால் எட்டு மணிக்கு விளக்கு எரியும் சமையலறையில் நாங்கள் நான்கு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். ரசத்தில் கறிவேப்பிலையைத் தவிர வேறொன்றும் மிதக்கவில்லை. பையன் திண்ணைக்குப் போய் மாமியாரின் தாம்பாளத்தைப் பார்த்துவிட்டு வந்து, “அப்பத்தா, தண்ணியிலயும் வெளிச்சம் தெரியுது. அதனாலதான் மல்லாந்து விழுதா?” என்றான். இருக்கலாம் என்றேன். விஞ்ஞானிகள் துணி விரித்துக் கண்டதை அவன் அப்பத்தா தாம்பாளத்தில் வைத்துக்கொண்டிருக்கிறார்!

படுக்கப் போகுமுன் அந்த ஆராய்ச்சிப் படத்தைச் செல்போனில் மாமியாருக்குக் காட்டினேன். இரண்டு மூன்று தடவை போடச் சொல்லிப் பார்த்தார். முதுகைத் திருப்புவதும், புரள்வதும், விழுவதும், மறுபடி எழுவதும்.

“அப்ப ஆசைப்பட்டு விழலையா?”

“இல்லை அத்தை. வானம்னு நம்பித் திரும்புது. அது வானம் இல்லைங்கிறது அதுக்குத் தெரியலை.”

மாமியார் செல்போனை என் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். இருட்டிலிருந்து குரல் வந்தது. “அந்தப் புள்ளை தேனியில எந்தக் கடையில இருக்கா? இந்தத் தீபாவளிக்கு அவளுக்குப் பலகாரம்னு யாராச்சும் குடுத்திருப்பாகளா?”

நான் சென்னைக்குத் திரும்பும்போது பைக்குள் இரண்டு டப்பா இருந்தன. ஒன்று என் கணவருக்கு. மற்றொன்றைத் தேனியில் இறங்கி, கடையைத் தேடிப் போய்க் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். டப்பாவை வாங்கிக்கொண்டு அவள், “அத்தையா குடுத்து விட்டாங்க?” என்று இரண்டு தடவை கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் வழக்கம்போல ஊருக்குப் போன் போட்டார். வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

“விளக்கு எரியுதாம்மா?”

“எரியுதுப்பா” என்றார் மாமியார். “இப்பத்தான் கொஞ்சம் தலையைக் குனிஞ்சு எரியுது.”